முதல் பந்திக்கு வந்த நீல மீன்

உத்தமபாளையத்தில் உமர் பாருக் வீட்டுக் கொல்லையில் போர் போட்டபோது அறுநூற்று நாற்பதாவது அடியில் கடல் வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை ஆறேகால் மணி. அன்றைக்குச் சந்தையில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய், பன்னீர் திராட்சை முப்பத்தைந்து. ரிக் வண்டியோடு திருச்செங்கோட்டிலிருந்து வந்தவர்கள் பாறையையும் சேற்றையும் வெறும் புழுதியையும் பார்த்துப் பழகியவர்கள். அவர்களின் மேஸ்திரி, குழாயிலிருந்து நுரைத்துப் பொங்கிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுத் துப்பினார். "உப்புங்க. கூட நாலு நெத்திலியும் வருதுங்க" என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு இறக்கவா வேண்டாமா என்று கேட்டார். தேனியிலிருந்து வந்த அதிகாரி ஒருவரும் நாக்கில் தொட்டுப் பார்த்து, 'உவர்நீர், மிகுதி' என்று எழுதிக்கொண்டார். நெத்திலியை எழுதப் படிவத்தில் இடம் இல்லை என்றார். கிழக்கே போனாலும் சரி, மேற்கே மலையேறி இறங்கினாலும் சரி, உத்தமபாளையத்திலிருந்து கடலுக்கு அரை நாள் பயணம். அத்தனை தூரத்தையும் அது மலைக்கடியிலேயே கடந்து, இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் வந்தது என்று ஊரில் ஒரு வாரம் பேசினார்கள். அடுத்த வாரம் நடவுக்கு அணை திறந்தார்கள். பேச்சு வாய்க்காலுக்குப் போய்விட்டது.

வந்தது கடல் என்பதால் ஓதமும் கூடவே வந்தது. நாளுக்கு இரண்டு முறை அந்த வீட்டில் தண்ணீராக இருந்ததெல்லாம் ஏறியது, இறங்கியது. பாதி டம்ளர் டீ ஏற்றத்தின்போது விளிம்பு வரை வந்து நின்றது. இறக்கத்தில் கால் டம்ளராகக் குன்றியது. எந்த விருந்தாளிக்கு எந்த நேரத்தில் டீ கொடுப்பது என்பதை உமர் பாருக்கின் மனைவி ரெஹானா பத்தே நாளில் கற்றுக்கொண்டார். ஓதம் தினமும் முக்கால் மணி நேரம் தள்ளித் தள்ளி வரும் என்பதால், தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் அதற்கும் ஓர் அட்டவணை எழுதி ஒட்டினார். ஒருநாள் சமையலறைக் குழாயிலிருந்து நண்டு ஒன்று இறங்கி வந்தது. ராவுத்தர் வீட்டு அடுப்பில் நண்டு ஏறாது என்பதால் அது சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்தூரியம்மாள் வீட்டுக் குழம்புக்குப் போயிற்று. "நல்ல கடலேதேன் தாயி, சதைப்பிடிப்பா இருக்கு" என்று அந்தம்மாள் சான்று கொடுத்தார். அந்த ஆடி அமாவாசைக்கு அவர் ராமேஸ்வரத்துக்குப் பஸ் ஏறவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உமர் பாருக் வீட்டுக் குழாயடியில் மூன்று தரம் தலையை நனைத்து, இறந்துபோன கணவருக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிப் பருப்பு வேகவைத்தார். மறுவருடம் ஆண்டிபட்டியிலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும்கூட ஆட்கள் வந்தார்கள். உமர் பாருக் கயிறு கட்டி, வரிசை பிரித்து, ஒருவரோடு ஒருவர் பேசாத பங்காளிகளை ஒரு மணி நேர இடைவெளி விட்டு உள்ளே அனுப்பினார்.

அந்த வேலையில் அவருக்கு நிகர் பள்ளத்தாக்கிலேயே யாரும் கிடையாது. பிழைப்புக்கு அவர் வைத்திருந்தது பிவிசி பைப்புக் கடை. பெயர் வாங்கியது பந்தியில். கல்யாணமோ கத்னாவோ, சாப்பாட்டுப் பந்தியில் யாரை யாருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது, யாரை யார் கண்ணிலேயே படாமல் தூண் மறைவில் வைப்பது, எந்தப் பெரியவரை முதல் பந்தியில் முதல் இலைக்குக் கூப்பிடுவது என்பதெல்லாம் அவருடைய நீல அட்டை நோட்டில் இருந்தது. முப்பது வருட நோட்டு. கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை யாருக்கும் யாருக்கும் ஆகாது, எந்த வருடத்திலிருந்து ஆகாது என்று தெரிய வேண்டுமானால் அதைப் புரட்டினால் போதும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லிவைத்தவர்களுக்கு, முந்துகிற எல்லாருக்கும் முதல் பந்தியில் இலை இருக்காது என்பது தெரியவில்லை. அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ஆண்டவன் தன்னைப் படைத்தான் என்று உமர் பாருக் நம்பினார்.

அப்படிப்பட்டவர் சறுக்கியது சொந்த வீட்டுப் பந்தியில். மகள் அப்ரினின் நிக்காஹ் நடந்த அன்று, தன் அக்கா லத்திபாவின் கணவர், கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற இத்ரீஸ் மச்சானை, இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார். இத்ரீஸ் இலையில் கை வைக்கவில்லை. எழுந்து போய், எதையும் தொடாத கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். பின்னாலேயே லத்திபாவும் ஏறினார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அவர்கள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது மகன் நசீமுக்கு ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அந்தக் குடும்பத்து வழக்கப்படி மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டுவது வீட்டின் மூத்த பெண், அதாவது லத்திபா. வேறு யார் கட்டினாலும் கட்டலாம், மார்க்கத்தில் தடை இல்லை. ஆனால் உமர் பாருக்கால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை; தாய் இறந்தபின் அவரைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதான்.

அக்காவுக்குச் சிறு வயதிலிருந்து கடல் பார்க்கும் ஆசை. ஒருதரம் மூணாம் வகுப்புச் சுற்றுலாவுக்கு அனுப்பவில்லை என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். அதனால்தான் கடல் தன் வீட்டுக்கு வந்ததோ என்று உமர் பாருக் யோசித்தார். அப்ரினை விட்டுப் போன் போடச் சொன்னார். அப்ரினின் அத்தாவுக்கு அக்காவின் பதில் சுடச்சுட வந்தது. "கடல் வந்தா என்ன, கப்பல் வந்தா என்ன, எங்கூட்டு ஆளு வராத வீட்டுக்கு நான் வரமாட்டேன்னு ஒங்கத்தாகிட்டச் சொல்லு."

மீன் அந்த வீட்டுக்கு வந்தது இதற்குப் பிறகு. அல்லிநகரத்தில் தங்கமீன், ஃபைட்டர் மீன் விற்கிற பாண்டியராஜன் என்ற முப்பது வயதுக்காரன் பைப்புக்கு எல்போ வாங்க வந்தவன், கொல்லையில் கடல் வீணாக ஓடுவதைப் பார்த்து மயங்காத குறை. ஊரெல்லாம் பாக்கெட் உப்பைக் கரைத்துக் கடல்மீன் வளர்க்கிறான், இவர் வீட்டில் கடலே வந்து சாக்கடையில் கலக்கிறது. நாலடிக் கண்ணாடித் தொட்டியை அவனே கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறைகளை அடுக்கினான். தண்ணீர் பக்குவப்பட ஆறு வாரம் சும்மா கிடக்க வேண்டும் என்றான். உமர் பாருக் பொறுத்தார். கூடத்தில் கடல்மீன் இருந்தால் நிக்காஹுக்கு வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் முறைக்காமல் மீனை முறைப்பார்கள் என்பது ஒரு கணக்கு. கடலைத்தான் பார்க்க வரவில்லை, கோமாளி மீனையாவது பார்க்க அக்கா வரமாட்டாரா என்பது இன்னொன்று.

எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்று பாண்டியராஜன் விளக்க ஆரம்பித்தபோது உமர் பாருக்குக்குச் சிரிப்பு வந்தது. அவன் விடவில்லை. "மாமா, மொதல்ல வாயைப் பாக்கணும். ஒருத்தன் வாய்க்குள்ள இன்னொருத்தன் நொழைவான்னா ரெண்டையும் சேக்கப்படாது. பெறகு கொணத்தப் பாக்கணும். ஒரே சாதி மீனுல சோடி தவிர ரெண்டு போட்டா அடிச்சுக்கிரும். எல்லாத்துக்கும் மேல எவன் மொதல்ல எறங்குறான்னு பாக்கணும்." முதல் மூன்றையும் உமர் பாருக் நோட்டில் 'கடல் பந்தி' என்று தலைப்புப் போட்டுக் குறித்துக்கொண்டார். நாலாவதை அவன் விளக்குமுன் கையமர்த்தினார். யார் முதலில் என்று தனக்கா சொல்லித் தர வேண்டும்? முப்பது வருடமாய் அவர் செய்ததே அதுதான். மதுரையிலிருந்து பாக்கெட் பாக்கெட்டாய் மீன்கள் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். சிறகு விரித்து மிதந்த சிங்கமீனை, சபையில் எல்லாரையும் விழுங்குகிற பார்வை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அது சரியான முடிவு, பாண்டியராஜனே ஒத்துக்கொண்டான். ஒரு சோடி கோமாளி மீன், மண்ணுக்குள் வளையில் வாழும் ஒரு கோபி மீனும் அதற்கு வளை தோண்டும் கூட்டாளி இறாலும், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்க்காத இரண்டு கார்டினல், வால் பக்கம் தீப்பிடித்ததுபோலச் சிவந்த கூச்சக்கார ஃபயர் மீன் ஒன்று. கடைசியாக டாம்சல் என்ற நீல மீன். விரல் நீளம்கூட இல்லை. ஆனால் அந்த நீலமும், பாக்கெட்டுக்குள்ளேயே அது நிமிர்ந்து நின்ற தோரணையும், புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த வார்டு கவுன்சிலர் மாதிரி இருந்தது. முதல் பந்தி அதற்குத்தான் என்று உமர் பாருக் தீர்மானித்தார். வேண்டாம் மாமா என்று பாண்டியராஜன் இரண்டு தரம் சொன்னான். அவர் பிஸ்மி சொல்லி நீல மீனை முதலில் இறக்கினார். ஒரு வாரம் கழித்துத் தகுதி வரிசைப்படி மற்றவற்றை.

அந்த ஒரு வாரத்தில் நாலடிக் கடல் முழுக்க நீல மீனின் பட்டா நிலமாகியிருந்தது. கோமாளிச் சோடியை அது ஒரு மூலைக்கு விரட்டியது; மூலையில் ஏன் நிற்கிறீர்கள் என்று திரும்ப விரட்டியது. கார்டினல்கள் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டன. கோபி வளையை விட்டுத் தலை நீட்டவில்லை. இறால்தான் தயங்கித் தயங்கி வெளியே வந்து செய்தி கேட்டுப் போயிற்று. தீனி போட்டால் யார் எங்கே நின்று தின்பது என்பதை நீல மீன் முடிவு செய்தது. ஃபயர் மீன் நாலாம் நாள் பொறுக்கமாட்டாமல் துள்ளி வெளியே வந்துவிட்டது. நல்லவேளை, உச்ச ஏற்ற நேரம். அந்த நேரத்தில் கூடத்துக் காற்றிலேயே உப்பும் ஈரமும் மிகுந்திருக்கும். மீன் தரையில் விழாமல், பீரோ வரை காற்றில் நீந்திப் போய், காலண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ரெஹானா துப்பட்டாவால் அதை மெதுவாக வளைத்துப் பிடித்துக் கடல் நீர் இருந்த வாளியில் விட்டார். ஏற்றம் முடிய இன்னும் எட்டு நிமிடம்தான் இருந்தது என்று அட்டவணையைப் பார்த்துச் சொன்னார்.

உமர் பாருக் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நீல மீனைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரம் வந்தது. "அச்சு அசல் இத்ரீஸ் மச்சானேதேன். எடம் குடுத்தா மடம் புடுங்குற சாதி. அதே மொறைப்பு, அதே மொகரை" என்றார். ரெஹானா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பல் உரித்தபிறகு சொன்னார்: "இத்ரீஸ் அண்ணன் ஒரு தரம் கோவிச்சுக்கிட்டுப் போனாக, அம்புட்டுத்தேன். அவன் இங்கன உக்காரு, இவன் அங்கன உக்காருன்னு அவுக என்னிக்கி யாரைச் சொன்னாக? நல்லாப் பாருங்க. நான் முப்பத்தி நாலு வருசமா ஒங்க தொட்டியிலதேன் இருக்கேன். எனக்குத் தெரியாதா அது யாருன்னு?"

அவர் நல்லாப் பார்த்தார். நீல மீன் கண்ணாடிக்கு அருகே வந்து, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இடம் சரியில்லை என்பதுபோல அவரைப் பார்த்தது. அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. எந்தப் பந்தியிலும் ரெஹானா எப்போது சாப்பிட்டார் என்று நினைத்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. நோட்டைப் புரட்டினார், அதிலும் அந்தப் பெயருக்கு இலை இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு அல்லிநகரத்துக்குப் பஸ் ஏறினார்.

பாண்டியராஜன் நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லவில்லை. அந்த நாகரிகம் அவனிடம் இருந்தது. "அது கெட்ட மீனு இல்ல மாமா. மொதல்ல வந்துருச்சு, அம்புட்டுத்தேன் அது செஞ்ச தப்பு" என்றான். பிறகு வைத்தியம் சொன்னான். நீலத்தைப் பிடித்துத் தனித் தொட்டியில் பத்து நாள் போட வேண்டும். பெரிய தொட்டிக்குள் பாறைகளைக் கலைத்து, எது யார் இடம் என்று யாருக்கும் தெரியாதபடி மாற்றி அடுக்க வேண்டும். கூச்சக்காரனை முதலில் இறக்க வேண்டும், அப்புறம் மற்ற சாதுக்களை. எல்லாரும் அவரவர் வளையில் செட்டில் ஆனபிறகு, கடைசியாக நீலத்தை. "அப்ப அது வீட்டுக்காரனா வராது மாமா. விருந்தாளியா வரும்." உமர் பாருக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மனிதர்களுக்கும் பத்து நாள்தானா என்று கேட்டார். நாலு நாள் போதும் என்று அவரே முடிவு செய்தார். நிக்காஹுக்கு இருந்ததும் நாலு நாள்தான்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். மறுநாள் காலை உமர் பாருக் கம்பத்துக்குப் போனார். இத்ரீஸ் முகத்துக்கு நேரே செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இறக்கவில்லை. உமர் பாருக் நீல நோட்டை மேசை மேல் வைத்துவிட்டு, செய்தித்தாளிடமே பேசினார். "மச்சான், நசீம் நிக்காஹ் பந்தியை நீங்கதேன் உக்கார வைக்கணும். வெக்கப்பட்டுக் கடைசியில நிக்கிறவுகளை மொதல்ல வையுங்க. நான் கடைசியா வாரேன்." தாள் அசையவில்லை. லத்திபா கதவுக்குப் பின்னாலிருந்து தம்பி இளைத்துப்போனதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். உமர் பாருக் அங்கிருந்து வீட்டுக்கும் போகவில்லை. தன் கடைக்குப் பின்னால் இருந்த குடோனில், நாலு அங்குல பைப்புகளுக்கும் ஆறு அங்குல பைப்புகளுக்கும் நடுவில் பாயை விரித்துக்கொண்டார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அத்தாவைக் காணோமே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ரெஹானா, "அவுக தனித் தொட்டியில இருக்காக" என்று பதில் சொன்னார். ஓதம் ஏறுகிற வீட்டில் இதுவும் ஒன்று என்று கேட்டவர்கள் விட்டுவிட்டார்கள்.

கம்பத்தில் இத்ரீஸ் அந்த நோட்டை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள், யார் யாரைப் பற்றி என்னென்ன எழுதியிருக்கிறது என்ற ஆசை அடக்க முடியாமல் திறந்தார். நேரே பதினோரு வருடத்துக்கு முந்தைய பக்கத்துக்குப் போனார். அங்கே இப்படி இருந்தது: 'இத்ரீஸ் மச்சான். ரெண்டாம் பந்தி. நம்ம ஆளு. வெளியூர்க்காரவுகளுக்கு எடம் பத்தலைன்னா பொறுத்துக்கிருவாக.' கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். "என்னைய நம்ம ஆளுன்னுல்ல எழுதியிருக்கான். விருந்தாளி கணக்குலகூட வைக்காம ஒதுக்கிட்டான்னு நெனச்சேனே" என்று லத்திபாவிடம் சொன்னவர், நோட்டை மேசையில் அடித்துக் கோபப்பட்டார். "இதை அன்னைக்கே வாயைத் தொறந்து சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன கேடு அவனுக்கு?" லத்திபா முந்தானையை இழுத்துச் செருகினார். "சோப்புத் தேச்சுக் கை கழுவ அம்புட்டு அவசரம் ஒங்களுக்கு. அவன் எப்பச் சொல்லுவான்?"

நிக்காஹ் அன்று அதிகாலை பஜ்ர் தொழுகை முடிந்த கையோடு இத்ரீஸ் நோட்டும் சிவப்புப் பேனாவுமாய் உத்தமபாளையம் வந்து இறங்கினார். முதல் பந்தியில் மசாலா அரைத்த பெண்கள், பந்தல் கட்டியவர்கள், தேக்சா கழுவுகிறவர்கள், ஓரமாய் நின்ற கஸ்தூரியம்மாள் எல்லாரையும் உட்காரவைத்தார். முதல் இலையில் ரெஹானா. அவர் எழுந்திருக்கப் பார்த்தபோது, "ஒக்காரும்மா, நோட்டுல இருக்கு" என்று சிவப்பில் தானே எழுதிய பெயரைக் காட்டினார். பெரிய மனிதர்கள் வெளியே நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தனக்கு முன்னால் இன்னொரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தால் சண்டை போடலாம்; இங்கே எல்லாருமே சமமாகப் பசியோடு நின்றதால் யாரோடு போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளூர்ச் சரித்திரத்தில் ஒருவரும் எழுந்து போகாத பந்தி அது ஒன்றுதான்.

பள்ளிவாசலில் ஒப்பந்தம் முடிந்து வந்த உமர் பாருக், சொன்ன சொல்படி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே பெண்கள் பக்கம் கருகமணி கட்டும்போது குலவைச் சத்தம் எழுந்தது. ஏழெட்டுக் குரல்களுக்கு நடுவில் ஒரு குரலை அவர் அடையாளம் கண்டுகொண்டார். தாலாட்டாய்க் கேட்டு வளர்ந்த குரல். நடுத்தெருவில் நின்று, சைக்கிளில் போனவர்கள் பார்க்கப் பார்க்க, அவர் அழுதார். கடைசிப் பந்திக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது மணி இரண்டு நாற்பது. உள்ளே போனவருக்குத் தன் வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. நாற்காலி, பீரோ, கட்டில் எல்லாம் இடம் மாறியிருந்தன; அதை ரெஹானா செய்திருந்தார். காலியாய்க் கிடந்த ஓர் ஓர இலையில், பாண்டியராஜனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைசிப் பந்திக்கு எப்போதும் தால்ச்சா தீர்ந்துபோயிருக்கும். அன்றைக்கும் அடியில் நாலு கரண்டிதான் கிடந்தது. இரண்டு நாற்பத்தைந்துக்கு ஓதம் ஏறியது, தேக்சாவில் தால்ச்சாவும் விளிம்பு வரை ஏறியது. வாளியில் மொண்டுகொண்டு வரிசையாய் ஊற்றி வந்தவர் ஓர இலையின் முன்னால் நின்றார். உமர் பாருக் நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ளே, இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?" என்று இத்ரீஸ் கேட்டார்.

இலையில் இடமே இல்லை. "ஊத்துங்க மச்சான்" என்றார் உமர் பாருக். இத்ரீஸ் ஊற்றினார். அது சோற்றைத் தாண்டி, இலையைத் தாண்டி, பாயில் ஓடி, பாண்டியராஜனின் வேட்டியை நனைத்தது. இருவரில் ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை.

நீல மீனை, தனித் தொட்டியில் பத்து நாள் முடிந்ததும், நிக்காஹுக்கு ஆறு நாள் கழித்துக் கடைசியாக இறக்கினார்கள். அது பாறைகளைச் சுற்றி இரண்டு தரம் வந்து பார்த்தது. கூச்சக்கார ஃபயர் மீன் ஒரு பொந்து வாசலில் நின்று அதை முறைத்தது. நீலம் கொஞ்ச நேரம் யோசித்து, ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒருவரும் விரும்பாத ஓர் இடுக்கைப் பிடித்துக்கொண்டது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. நீல நோட்டை இத்ரீஸ் திருப்பித் தரவில்லை, உமர் பாருக்கும் கேட்கவில்லை. லத்திபா வெள்ளிக்கிழமைதோறும் கம்பத்திலிருந்து வந்து, கொல்லைக் குழாயடியில் முக்காலி போட்டு, சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக் கடலில் கால் நனைக்கிறார். "இம்புட்டுத்தேனா கடலு?" என்று முதல் நாள் கேட்டவர், அடுத்த வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். இன்றைக்கு ஏற்றம் மாலை நாலு இருபதுக்கு; அந்த வீட்டுக்கு டீ குடிக்கப் போகிறவர்கள் அந்த நேரத்துக்குப் போவது நல்லது.